மசக்கைக் குப்பி

கருப்பேழைக்கு மசக்கை கிடையாது. வாந்தி, தலைசுற்றல், கால்வீக்கம் எதுவும் கிடையாது. வடவள்ளிப் பேழையகத்தின் வரவேற்பறையில் இதைத்தான் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள். கோயம்புத்தூரில் பாதிக்கு மேல் பிள்ளைகள் இப்போது அங்கேதான் வளர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகிறவர்கள் வழியில் ஓர் எட்டு உள்ளே போய், கண்ணாடிக்குள் மிதக்கும் தங்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவது ஊர் வழக்கமாகிவிட்டது.

வஞ்சிக்கொடியும் அவள் கணவன் மயில்சாமியும் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேழைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தது துவரம்பருப்பு அளவு உயிர். பேழையின் காட்சித்திரை அதைப் பெரிதாக்கிக் காட்டியது. நடுவில் ஏதோ ஒன்று விட்டுவிட்டு மினுங்கியது.

"பாரு புள்ள, துடிக்குது," என்றான் மயில்சாமி. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இரும்புக்கடை வைத்திருக்கிற ஆள், ஆனால் எதற்கெடுத்தாலும் கண் கலங்கும்.

வஞ்சிக்கொடியும் பார்த்தாள். துடித்தது. நன்றாகவே துடித்தது. யார் வீட்டுக் கல்யாணப் படத்தையோ பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு. வெளியே வந்து ஆளுக்கொரு இளநீர் குடித்தார்கள். தாயாகி ஆறு வாரமாகிறது, ஓர் இளநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்றும் குடிக்க முடிகிறது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

வீட்டில் மாமியார் செல்லாத்தாள் அதற்கு நேர்மாறாகச் சந்தோஷப்பட்டாள். "இவன என்ற வயித்துல வெச்சிருக்கையில சோத்து வாசமே ஆகாது கண்ணு. கடுகு தாளிச்சாப் போதும், மொட்டமாடிக்கு ஓடிப்போயி குந்திக்குவேன். எங்கம்மா பின்னாடியே கெஞ்சிக்கிட்டு வரும். அந்தக் கண்ராவியெல்லாம் உனக்கு எதுக்குங் கண்ணு? மகராசியாட்ட இரு."

கண்ராவி என்றுதான் சொன்னாள். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை ஏறி உட்கார்ந்துகொள்ளும். வஞ்சிக்கொடிக்குப் பொறாமையாக இருந்தது.

பேழையை வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. அவள் வேலை பார்த்த புரதச்சாலையில் கர்ப்பிணிகள் ஹார்மோன் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. ஒரு வருஷம் வெளியே நின்றால் அவள் ஆரம்பித்த ஆராய்ச்சியை வேறொருவர் முடித்துப் பேர் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அதனால் முதல் பிள்ளை பேழையில் இருக்கட்டும், இரண்டாவது என் வயிற்றில்தான் என்று மயில்சாமியிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அந்த இரண்டாவதை நினைத்துத்தான் அவள் முதலாவதைக் கண்ணாடிக்குள் விட்டுவைக்கச் சம்மதித்தாள்.

விதியின் விளையாட்டு என்னவென்றால், அந்த ஹார்மோன் கூடத்தில் அவள் தயாரித்ததே கர்ப்பத்தின் முதல் ஹார்மோனைத்தான். கரு கருப்பையில் ஒட்டிக்கொண்டதும் ஒரு புரதத்தைச் சுரக்க ஆரம்பிக்கும். அது தாயின் ரத்தத்தில் ஏறிப் போய், சூலகத்தில் இருக்கும் ஒரு சின்ன மஞ்சள் முடிச்சைத் தட்டும். நான் வந்திருக்கிறேன், இந்த மாதம் உதிர்த்துவிடாதே என்பதுதான் சேதி. அதைச் சுரப்பது தாயல்ல, பிள்ளை. அதனால் புரதச்சாலையில் அதற்குக் கூவுபுரதம் என்று பெயர் வைத்திருந்தார்கள். உடம்பு முழுக்க மசக்கை கிளம்புவதில் அந்தக் கூவலுக்கும் பங்குண்டு.

ஆய்வுக்கூடங்களுக்கு இது நிறையத் தேவைப்பட்டது. கருவிகளைச் சரிபார்க்க, மருந்துகளைச் சோதிக்க, கருப்பேழையையே மேம்படுத்த. அவ்வளவுக்கு மனிதரிடம் எங்கே போவது? மனித மரபணுவை எடுத்து ஒருவகை எலியின் செல்லுக்குள் வைத்து, அந்தச் செல்களை எஃகுக் கலத்தில் கோடிக்கணக்கில் வளர்த்தார்கள். எலிச் செல் மனிதப் புரதத்தை அச்சுப் பிசகாமல் செய்து கொடுத்தது. அதன்மேல் ஒட்டும் சர்க்கரைச் சங்கிலிகளை மட்டும் தன் வழக்கப்படி எலிச் சர்க்கரையாகவே ஒட்டிவிட்டது. ஆராய்ச்சிக்கு அது இடைஞ்சல் இல்லை. வடித்து, சுத்தம் செய்து, வெள்ளைப் பொடியாக்கிக் குப்பியில் அடைத்து, மேலே சிவப்பு எழுத்தில் ஒட்டுவார்கள்: ஆய்வுக்கு மட்டும், மனித உடலில் செலுத்தக் கூடாது.

அந்தச் சிவப்பு எழுத்தைத் தினமும் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது. அசுத்தம் ஏதாவது கலந்திருந்தால் ஆபத்து என்பதற்காகப் போடுவது, அவ்வளவுதான் என்று நினைத்தாள். தான் வடித்த சரக்கில் அசுத்தம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். தன் சமையலை ருசி பார்க்க யோசிக்காத ஆளைப்போல, தனக்கும் மசக்கை வரட்டும் என்று ஒரு நாள் மதியம் கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு, குப்பியைக் கரைத்து ஊசியில் ஏற்றித் தொடையில் போட்டுக்கொண்டாள். பிறகு பாடப்புத்தகத்து வரைபடம் எப்படி ஏறுகிறதோ அதே கணக்கில் அடுத்தடுத்து ஏற்றிக்கொண்டே போனாள்.

சில வாரம் கழித்து, செல்லாத்தாள் ரசம் தாளித்த நேரத்தில் மசக்கை வந்தது. கடுகு வெடித்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தெரியும், வஞ்சிக்கொடி ஓடிப்போய்க் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டாள். குடல் வாய்க்கு வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

மயில்சாமி பயந்துபோய் அறைக்குள் கூட்டிப்போனான். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"டப்பாமேலயே போடக்கூடாதுன்னு எழுதியிருக்குதுங்கற. அதப் போயி போட்டுக்கிட்டியா?"

"அது வெளியாளுக்குங் மாமா. நானே காய்ச்சி நானே வடிச்சதுக்கு எனக்கென்ன பயம்?"

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது. மாமா, புள்ள கூப்புடறது எனக்குக் கேக்குதுங்." அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். அந்த வயிற்றில் காலையில் சாப்பிட்ட இட்லிகூட இல்லை. இருந்தும் அவன் கையை எடுக்கவில்லை.

பிறகு கேட்டான். "செரி, உனக்கு என்ன வேணும் சொல்லு."

"கொடுக்காப்புளி."

அது கொடுக்காப்புளிக் காலமில்லை. அவன் கடையைப் பூட்டிவிட்டுப் பொள்ளாச்சி வரைக்கும் அலைந்தான். எங்கோ ஒரு தோட்டத்து வேலியில் பருவம் தப்பிக் காய்த்திருந்ததை, முள் கீறிய கையோடு கொண்டுவந்து மடியில் கொட்டினான். அவன் சேக்காளிகள் ஒருத்தருக்கும் இப்படி அலையக் கொடுத்து வைக்கவில்லை. அதை அவன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரு வாரம் சலித்துக்கொள்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த நாட்கள் நன்றாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பேழைக்கு முன்னால் நிற்கும்போது வயிற்றைப் புரட்டும். அவள் ஒரு கையைக் கண்ணாடியிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துக்கொள்வாள். அங்கே மிதப்பதும் இங்கே புரட்டுவதும் ஒன்றுதான் என்று உடம்பு சத்தியம் செய்தது. அவள் நம்பினாள்.

கூடத்தில் அவளுக்குக் கீழே வேலை செய்த ஜெசிந்தாதான் முதலில் மோப்பம் பிடித்தாள். அவளுடைய பிள்ளையும் புதிதாகப் பேழையில் ஏறியிருந்தது. "வஞ்சிக்கா, எனக்கும் ஒரு குப்பி குடுங்க. எனக்கு அந்தப் பேழையப் பாத்தா மீன்தொட்டி ஞாபகந்தான் வருது," என்றாள். வஞ்சிக்கொடிக்கு மறுக்க மனம் வரவில்லை. எவ்வளவு, எப்போது என்று சொல்லிக்கொடுத்தாள். பிறகு ஜெசிந்தாவின் அண்ணி, பக்கத்துக் கூடத்தில் இருவர். தீபாவளிப் பலகாரம்போலக் குப்பி கைமாறியது.

வரைபடத்தில் கூவல் பத்தாவது வாரம் உச்சிக்குப் போய், அப்புறம் இறங்கும். வஞ்சிக்கொடியும் அளவை இறக்கினாள். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுக்கு வரைபடம் என்றால் வேதம். ஆனால் நிஜக் கர்ப்பத்தில் கூவல் இறங்குவதற்குள் நஞ்சுக்கொடி வளர்ந்து, உடம்பைத் தாங்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். அவளிடம் நஞ்சுக்கொடி ஏது? கூவல் குறைந்ததும் அந்த மஞ்சள் முடிச்சு சுருங்கியது. பிள்ளை போய்விட்டது என்று உடம்பு முடிவுகட்டியது. வேலை நடுவில், கழிப்பறையில், அவளுக்கு உதிரம் போக ஆரம்பித்தது.

ஏன் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? குளிர்ந்த தரையில் உட்கார்ந்து வாயில் துப்பட்டாவை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள்.

"நம்ம புள்ள நல்லாத்தான இருக்குது? இப்பத்தான் படம் அனுப்பியிருக்காங்க பாரு, வெரலெல்லாம் வந்திருச்சு," என்று மயில்சாமி திரையைக் காட்டினான்.

"எனக்குத் தெரியுமுங் மாமா. இந்த உடம்புக்கு யாரு சொல்றது?"

அதன்பின் அவள் ஊசி போடவில்லை. ஜெசிந்தாவிடமும் மற்றவர்களிடமும் இறக்கும்போது ஜாக்கிரதை என்று எச்சரித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேழைக்கு முன்னால் நின்றாள். உள்ளே பிள்ளை கை கால் நீட்டி, குப்புறப் புரண்டு, விரலை வாயில் வைத்தது. பெண்பிள்ளை. அவள் அதை ஆசையோடு பார்த்தாள். ஆனால் தன்னை விட்டுப் போன வேறு யாரையோ தேடுவதுபோல உடம்பு ஏங்கிக்கொண்டே இருந்தது. அந்த ஏக்கத்துக்கு ஆள் முகவரி கிடையாது. அதனால் அதைச் சமாதானப்படுத்தவும் வழியில்லை.

ஆறாம் மாதத்தில் ஒரு நாள் பேழையகத்தின் மேற்பார்வையாளர் அலாவுதீன் பேச்சுக் கொடுத்தார். கல்லூரியில் அவளோடு படித்தவர்.

"உங்க சரக்கக் கண்டாலே எங்காளுகளுக்குக் கடுப்பு, வஞ்சி."

"எங்க சரக்கா?"

"அதான், கூவுபுரதம். மொத மூணு மாசம் பேழைத் தண்ணியில வந்து கொட்டுது. வடிகட்டிய மாத்தி மாத்தி முடியறதில்ல. இப்ப உன் பேழையில பரவால்ல. கொஞ்சமாத்தான் வருது."

வஞ்சிக்கொடி கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள். "எல்லாப் பேழையிலயும் வருமா?"

"புள்ளைன்னா சுரக்காதா?" அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "நீதானே அதுல ஆராய்ச்சி பண்றே?"

ஆமாம், அவள்தான். இத்தனை வருஷம் எஃகுக் கலத்திலிருந்தே பிடித்துப் பிடித்து, கூவுபுரதம் என்றால் கலத்திலிருந்து வருவது என்றே ஆகிவிட்டது அவளுக்கு. தன் பிள்ளையும் அதைச் சுரக்கும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"வடிகட்டினத என்ன பண்ணுவீங்க?"

"வேறென்ன, சாக்கடைதான்."

அவள் எலிக் கலத்துக் குரலைத் தொடையில் ஏற்றிக்கொண்டிருந்த அதே வாரங்களில், அவள் பிள்ளை இங்கே தொண்டை கிழியக் கூவியிருக்கிறது. நான் வந்திருக்கிறேன், உதிர்த்துவிடாதே என்று. அது வடவள்ளிச் சாக்கடையில் போயிருக்கிறது. இப்போது அது கூவி ஓய்ந்து, முனகலாகிவிட்டது.

"அலா, எம்பேழையோட கழிவுத் தண்ணிய எனக்குப் புடிச்சுத் தர்றியா?"

அவர் காரணம் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

கேன் கேனாகத் தண்ணீர் வந்தது. அவள் வேலை முடிந்தபின் இருந்து அதை வடித்தாள். அத்தனை தண்ணீரிலும் ஒரே ஒரு குப்பி தேறியது. சோதிக்கும் பட்டையில் ஒரு சொட்டு விட்டாள். பட்டையின் வேலை எளிது: முதல் கோடு எப்போதும் விழும், கூவுபுரதம் இருந்தால் மட்டும் இரண்டாவது கோடும் விழும். முதல் கோடு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது, இளஞ்சிவப்பாக, தயங்கித் தயங்கி வந்தது. எத்தனை ஆயிரம் பட்டை பார்த்திருப்பாள். இந்தக் கோட்டை விளக்குக்கு நேரே பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். குப்பிமேல் என்ன எழுதுவது என்று தெரியாமல், நம்ம புள்ள என்று எழுதினாள்.

கடைசியில் ஒரு சில சொட்டுகளை மட்டும் வைத்துவிட்டு மீதியை ஊசியில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள். காத்திருந்தாள். செல்லாத்தாள் தாளித்தாள், அவள் அடுப்புப் பக்கத்திலேயே நின்று மூச்சை இழுத்தாள். கடுகு வாசம் கடுகு வாசமாகவே இருந்தது. ஒன்றுமில்லை. அளவு குறைவு, மசக்கை வராமல் போகலாம். ஆனால் ரத்தத்திலாவது தெரிய வேண்டும். ரத்தத்தைச் சோதித்தாள். அதிலும் இல்லை. போட்டது எங்கே போனது?

பேழைக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். அன்று காலையில் எல்லாரும் சீர்த்தட்டு அடுக்கிக்கொண்டிருக்க, அவள் ஓர் அவசர வேலை என்று புரதச்சாலைக்கு ஓடினாள். மனதில் ஒரு சந்தேகம் முள்போலக் குத்திக்கொண்டிருந்தது. இரண்டு பட்டைகளை எடுத்து வைத்தாள். ஒன்றில் பிள்ளையின் புரதம் மட்டும். இரண்டு கோடு. அடுத்ததில் பிள்ளையின் புரதத்தோடு தன் ரத்தத்தில் ஒரு சொட்டைக் கலந்து விட்டாள். முதல் கோடு வந்தது. இரண்டாவது வரவில்லை. மறுபடி செய்தாள். வரவில்லை.

அவள் ரத்தம் அதைப் பிடித்து விழுங்கிக்கொண்டிருந்தது. முன்பு அத்தனை ஊசி போட்டாளே, அதன் எலிச் சர்க்கரையைக் கண்டு உடம்பு விரோதி என்று முடிவுகட்டியிருக்கிறது. எதிர்ப்புரதம் செய்து குவித்திருக்கிறது. சர்க்கரையோடு சேர்த்து, அது ஒட்டியிருந்த மனிதப் புரதத்தையும் அடையாளம் குறித்துவைத்துக்கொண்டுவிட்டது. அவள் சொந்தப் பிள்ளை கூவினாலும் இனி அவளுக்குக் கேட்காது.

அதைவிடப் பெரிய இடி பிறகுதான் இறங்கியது. இரண்டாவது பிள்ளை. நாளைக்கு ஒரு கரு அவள் வயிற்றில் வந்து ஒட்டினால், அதுவும் கூவும். அந்தக் கூவல் மஞ்சள் முடிச்சைப் போய்ச் சேருமுன் ரத்தம் மடக்கிக்கொள்ளும். சேதி கிடைக்காத உடம்பு அந்த மாதமும் உதிர்த்துவிடும். வந்ததே அவளுக்குத் தெரியாது. காலப்போக்கில் எதிர்ப்புரதம் குறையலாம். ஆனால் ஒவ்வொரு கரு கூவும்போதும் அது மறுபடி கூர்மையாகும். மயில்சாமியிடம் கையடித்து வாங்கிய சத்தியத்தை நினைத்தாள். பேழையை ஒரு தடவைக்குத்தான் என்று நினைத்து ஏற்றுக்கொண்டவள், பேழையை விட்டால் வேறு கதியில்லாதவளாகிவிட்டாள். எவ்வளவு ஆசைப்பட்டுச் செய்தாள் என்பதை நினைத்தபோதுதான் தாங்க முடியவில்லை. மிச்சப் பட்டைகளையும் பிள்ளையின் கடைசிச் சொட்டுகளையும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பேழையகத்தில் வளைகாப்பு களைகட்டியிருந்தது. பேழைக்குக் கையில்லாததால் அதன் எஃகுக் கைப்பிடியில் கண்ணாடி வளையல்களைக் கோப்பது வழக்கம். பேழையின் பம்பு ஓட ஓட அவை கிணுகிணுவென்று சத்தம் போட்டன.

"உள்ள கேக்குமாக்கும் கண்ணு, காது வந்திருச்சாமா," என்று செல்லாத்தாள் மருமகளின் கன்னத்தில் சந்தனத்தைத் தடவினாள். மயில்சாமி ஒரு தூக்குப்போசியில் புளிச்சோறு போட்டு எடுத்து வந்தான். "மொகம் ஏன் புள்ள இப்புடி வாடிக்கெடக்குது? கொஞ்சம் உங்கு," என்றான். அவள் வாங்கிக்கொண்டாள். சாப்பிட முடியவில்லை.

ஜெசிந்தா ஒரு டஜன் பச்சை வளையலோடு வந்தாள். பின்னால் கூடத்துப் பெண்கள் நாலைந்து பேர். எல்லார் முகத்திலும் அந்தச் சோர்வும் அந்தப் பெருமையும் இருந்தன. வஞ்சிக்கொடிக்கு அது நன்றாகத் தெரிந்த முகம்.

"எனக்கு நிறுத்தவே மனசு வரலக்கா," என்றாள் ஜெசிந்தா, வளையலை அவள் கையில் ஏற்றிக்கொண்டே. "முன்ன மாதிரி குமட்டல் வர்றதில்ல. அதான் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கறேன். ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். ரெண்டாவது வயித்துலதான். நீங்க சொன்ன மாதிரியே."

வஞ்சிக்கொடி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பேழை வரிசைக்குப் பின்னால் ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனாள். பையிலிருந்து பட்டையையும் குப்பியையும் எடுத்தாள்.

"ஒரு சொட்டு ரத்தம் குடு ஜெசி."

"எதுக்குக்கா?"

"குடு, சொல்றேன். ரெண்டாவது கோடு விழணும். விழுந்துட்டா உனக்கு ஒண்ணுமில்ல."

ஜெசிந்தா சிரித்துக்கொண்டே விரலை நீட்டினாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். பிள்ளையின் கடைசிச் சொட்டோடு கலந்து ரத்தம் பட்டையில் ஊறியது. முதல் கோடு விழுந்தது. அந்தப் பக்கம் யாரோ கைப்பிடியில் மறுபடி வளையல் கோத்தார்கள். செல்லாத்தாள் மருமகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வஞ்சிக்கொடி திரும்பவில்லை. அந்தக் காலத்தில் கர்ப்பமா என்று பார்க்க வீட்டுக் குளியலறைகளில் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்களே, அப்படியே இருவரும் தலையைச் சேர்த்துக் குனிந்து, இரண்டாவது கோட்டுக்காகக் காத்திருந்தார்கள்.